வடக்கே திரும்பும் வாத்துகள்: மாசியிலும் பங்குனியிலும் குளக்கரையில் கவனிக்க ஒரு வழிகாட்டி

தமிழ்நாட்டில் பறவை பார்க்கச் செல்வோரில் பெரும்பாலோர் மார்கழியிலும் தையிலும் குளக்கரைகளுக்குப் போகிறார்கள்; பொங்கல் விடுமுறை முடிந்ததும் வருகை குறைந்துவிடுகிறது. வலசை வந்த வாத்துகளைக் கவனிக்க மிகச் சிறந்த காலம் அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது என்பது என் உறுதியான கருத்து. பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடு வரை, அதாவது மாசி, பங்குனி மாதங்களில், இந்தப் பறவைகள் வடக்கே திரும்பத் தயாராகின்றன. நீண்ட பயணத்துக்காக உடலில் கொழுப்பைச் சேர்த்துக்கொள்கின்றன. ஆண் வாத்துகள் மங்கலான பழைய இறகுகளை உதிர்த்து நிறம் கூடி நிற்கின்றன. பல இனங்கள் இங்கேயே இணை சேர்கின்றன. கூட்டம் கூட்டமாக எழுவதும் அமர்வதுமாக இருந்துவிட்டு, ஒரு மாலையில் புறப்பட்டுப் போய்விடுகின்றன. மார்கழியில் பார்க்கக் கிடைக்காத இத்தனையும் இந்த இரண்டு மாதங்களில் நம் கண்முன்னே நடக்கின்றன.

இதற்கு நம் குளங்களின் இயல்பும் துணை செய்கிறது. வடகிழக்குப் பருவமழையில் நிரம்பிய குளங்கள் பிசானப் பருவ நெல் அறுவடை நடக்கும் நாட்களில் வற்றத் தொடங்குகின்றன. சிறிய நீர்நிலைகள் காய்ந்துபோக, அங்கங்கே சிதறியிருந்த பறவைகள் நீர் எஞ்சியுள்ள சில குளங்களில் வந்து கூடுகின்றன. நீர் விலகிய உள்வாயில், அதாவது கரைக்கு உட்பட்ட குளத்துத் தரையில், புல் துளிர்ப்பதால், புல் மேயும் இனங்கள் அங்கே நெடுநேரம் வெட்டவெளியில் நிற்கின்றன.

எந்தக் குளத்துக்குப் போவது

திருநெல்வேலி மாவட்டம் நான்குநேரி வட்டத்தில் உள்ள கூந்தன்குளத்தை முதலில் சொல்ல வேண்டும். 1994-இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டு, 2022-இல் பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் இடம்பெற்றதாக அறிவிக்கப்பட்ட இந்தக் குளத்துக்கும் சுற்றியுள்ள குளங்களுக்கும் இமயத்தைத் தாண்டி வரித்தலை வாத்துகள் ஆண்டுதோறும் வருகின்றன. ஊர்மக்கள் தலைமுறைகளாகப் பறவைகளைக் காத்து வருவதும், அவற்றுக்காகத் தீபாவளிக்கு வெடி வெடிக்காமல் இருப்பதும் பலரும் அறிந்த செய்தி. ஊருக்குள் மரங்களில் கூடு கட்டியிருக்கும் மஞ்சள்மூக்கு நாரைகளும் கூழைக்கடாக்களுமே வருவோர் கண்ணில் முதலில் படும். வாத்துகளுக்காக வந்தவர்கள் அந்த மரங்களைத் தாண்டிக் குளத்தின் திறந்த பரப்பையும் எதிர்க்கரையையும் பொறுமையாகத் துழாவ வேண்டும்.

அரியலூர் மாவட்டத்தின் கரைவெட்டிக்கும் வரித்தலை வாத்துகள் வருவதுண்டு. சிறிய வாத்துகளை ஏராளமாகப் பார்க்க மரக்காணத்தை அடுத்த கழுவேலியும் கோடியக்கரையும் ஏற்றவை. இலங்கையில் இருப்பவர்களுக்கு மன்னாரின் வங்காலைச் சரணாலயம் இருக்கிறது. ஊசிவால் வாத்துகளும் நாமத்தலை வாத்துகளும் அங்கே பெருங்கூட்டமாகத் தங்குகின்றன. இவையெல்லாம் ஒருமுறையேனும் போய்ப் பார்க்க வேண்டிய இடங்கள் என்பதில் ஐயமில்லை. எனினும், திரும்பு வலசையைப் புரிந்துகொள்ள விரும்புகிறவர், வீட்டிலிருந்து எளிதில் சென்றுவரக்கூடிய ஒரே ஒரு குளத்தைத் தேர்ந்துகொண்டு, இந்த இரண்டு மாதமும் வாரம் ஒருமுறையாவது அங்கே போய் நிற்பதே சரியான வழி. பத்து இடங்களுக்கு ஒவ்வொரு முறை போனால் பறவைகளைப் பார்க்கலாம். ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போனால்தான் அவை புறப்படுவதைப் பார்க்க முடியும்.

நேரமும் நிற்கும் இடமும்

காலையில் விடிவதற்குச் சற்று முன்பே கரையில் இருங்கள். மாசி பிறந்துவிட்டால் ஒன்பது மணிக்கெல்லாம் நீர்ப்பரப்பின் மேல் கானல் ஆடத் தொடங்கிவிடும். அதன் பிறகு எவ்வளவு விலையுயர்ந்த கருவி வைத்திருந்தாலும் தூரத்து வாத்தின் தலை நெளிந்துதான் தெரியும். மாலையில் நான்கரை மணியிலிருந்து முழுதாக இருட்டும் வரை இருக்க வேண்டும். புறப்பாட்டைப் பார்ப்பதுதான் நோக்கம் என்றால், இரண்டில் மாலையே முக்கியமானது.

முடிந்தவரை குளத்தின் கிழக்குப் பக்கத்தில் நில்லுங்கள். காலையில் வெயில் உங்கள் முதுகுப் பக்கமிருந்து விழுவதால் பறவைகளின் நிறம் தெளிவாகத் தெரியும். மாலையில் மேற்கு வானத்து ஒளியில் பறக்கும் பறவைகளின் வடிவம் தெளிவாக விழும். நம் சமவெளி கிழக்கு நோக்கிச் சரிந்திருப்பதால் பல குளங்களுக்குக் கரை கிழக்கில்தான் அமைந்திருக்கிறது. ஆகவே பெரும்பாலும் கரைமேல் ஏறி ஒரு மரத்தடியிலோ மடைக்கு அருகிலோ அமர்ந்துகொண்டாலே போதும். கரையின் உச்சியில் நின்றபடி நடமாடாதீர்கள். வானத்தின் பின்னணியில் மனித உருவம் அசைவதைக் கண்டாலே வாத்துகள் விலகி நீந்தத் தொடங்கிவிடும். உட்கார்ந்திருப்பவரைச் சிறிது நேரத்தில் பொருட்படுத்தாமல் விட்டுவிடும்.

எட்டு மடங்கு உருப்பெருக்கமும் 42 மில்லிமீட்டர் முகப்பு வில்லையும் கொண்ட பைனாகுலர் தொடக்கத்துக்குப் போதுமானது. பெரிய குளங்களில் இருபதிலிருந்து அறுபது மடங்கு வரை பெரிதாக்கும் தொலைநோக்கியும் ஆட்டமில்லாத முக்காலியும் இருந்தால், வாத்தின் அலகிலும் கண்பட்டையிலும் உள்ள வேறுபாடுகளைக்கூடப் பார்க்கலாம். உங்களிடம் இல்லையென்றால், வைத்திருக்கும் நண்பரோடு சேர்ந்து செல்லுங்கள். தொப்பி, குடிநீர், குறிப்பேடு ஆகியவற்றைத் தவிர வேறெதுவும் தேவையில்லை. நிறம் மங்கிய உடை நல்லது.

வரித்தலை வாத்துகள் பகலில் பெரும்பாலும் குளத்தில் ஓய்வெடுத்துவிட்டு, மாலையிலும் இரவிலும் வயல்களில் மேய்வதால், அவற்றைத் தேடி வயலில் இறங்கும் ஆசை வரும். அது பிறருடைய நிலம் என்பதை மறக்க வேண்டாம். கேட்டுக்கொண்டு வரப்பில் மட்டும் நடங்கள். பயிர் மேயும் வாத்துகளால் எரிச்சலுற்றிருக்கும் விவசாயியிடம் பறவையின் பெருமையைப் பேசுவதை விட, அவை எப்போது வந்தன, எந்த வயலில் இறங்கின என்று கேட்பது நல்லது. நாள்தோறும் அங்கே இருப்பவர் அவர். நமக்குத் தெரியாதது அவருக்குத் தெரியும். படத்துக்காகக் கூட்டத்தை எழுப்பிவிடுவதும், ட்ரோன் பறக்கவிடுவதும் எந்தக் காலத்திலும் தவறு. இந்தக் காலத்தில் அவற்றால் விளையும் கேடு இன்னும் பெரிது. பயணத்துக்காகச் சேர்த்து வைத்த கொழுப்பை ஒவ்வொரு வீண் பறத்தலிலும் அந்தப் பறவை செலவழிக்கிறது.

இனம் அறிவது

வரித்தலை வாத்தில் குழப்பத்துக்கு இடமில்லை. வெளிர் சாம்பல் உடல், வெண்மையான தலையின் பின்புறம் குறுக்காக இரண்டு கறுப்புப் பட்டைகள், கழுத்தின் பக்கவாட்டில் இறங்கும் வெள்ளைக் கோடு, நுனி கறுத்த மஞ்சள் அலகு, ஆரஞ்சு கலந்த மஞ்சள் கால்கள். இரண்டு முதல் மூன்று கிலோ எடையுள்ள இந்தப் பறவை, அருகில் நிற்கும் சிறிய வாத்துகளை விடத் தெளிவாகப் பெரியது. முந்தைய கோடையில் பிறந்த இளம்பறவைகளுக்குத் தலைப்பட்டைகள் தெளிவாக இருக்காது. உச்சந்தலையும் பின்கழுத்தும் ஒரே கருஞ்சாம்பலாகத் தெரியும். குடும்பங்கள் குளிர்காலம் முழுவதும் சேர்ந்தே இருப்பதால், இரண்டு பெரிய பறவைகளையும் அவற்றோடு ஒட்டியே நடக்கும் இளம்பறவைகளையும் கூட்டத்துக்குள் பிரித்தறிய முயலுங்கள். ஒரு குடும்பத்தைக் கண்டுகொண்டால், தாய் தந்தையரில் ஒன்று தலை நிமிர்ந்து காவல் நிற்க மற்றவை மேய்வதையும், காவல் முறை மாறுவதையும் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருக்கலாம்.

சிறிய வாத்துகளில் தென்னாட்டுக்கு மிகுதியாக வருவது நீலச்சிறகி. இலையுதிர்காலத்தில் முதலில் வந்துசேரும் வலசை வாத்துகளில் இதுவும் ஒன்று. கடைசியாகப் புறப்படுவனவற்றிலும் ஒன்று. ஐப்பசியில் ஆணும் பெண்ணும் ஒரே பழுப்பாக இருப்பதால் புதியவர்கள் தடுமாறுவார்கள். மாசியிலோ ஆணின் பழுப்புத் தலையில் கண்ணுக்கு மேலிருந்து பிடரி வரை அகன்ற வெள்ளைக் கோடு விழுந்துவிடும். அது கால் கிலோமீட்டர் தூரத்திலும் தெரியும். வாத்து பார்க்கக் கற்றுக்கொள்கிறவர்கள் இந்தப் பருவத்தில் தொடங்குவது நல்லது என்று நான் சொல்வதற்கு இதுவே முதற்காரணம். ஊசிவால் வாத்தின் ஆணுக்குச் சாக்லேட் நிறத் தலை, வெள்ளைக் கழுத்து, நீண்டு கூர்ந்த வால். தட்டைவாயனை அதன் அகன்ற அலகே காட்டிக்கொடுக்கும். ஆணுக்குப் பச்சைத் தலை, வெள்ளை மார்பு, செங்காவி விலா. நாமத்தலை வாத்தின் ஆணுக்குச் செம்பழுப்புத் தலையில் நெற்றி மட்டும் வெண்மஞ்சள். செம்பழுப்புத் தலையில் கண்ணைச் சுற்றிப் பச்சைப் பட்டை கொண்ட மிகச் சிறிய வாத்து தென்பட்டால் அது கிளுவை. தெற்கே இது குறைவு.

பெண் வாத்துகள் எல்லாம் பழுப்பாகவே இருக்கும். அவற்றைத் தனியாக ஆராய்வதற்கு முன், எந்த ஆணின் அருகில் நீந்துகின்றன என்று பாருங்கள். இந்தப் பருவத்தில் இணைகள் சேர்ந்துவிடுவதால் அது பெரும்பாலும் சரியாக அமையும். பிறகு அலகின் வடிவத்தையும் முகக்கோடுகளையும் வைத்து உறுதி செய்துகொள்ளலாம். பெண் நீலச்சிறகியின் முகத்தில் கண்ணுக்கு மேலும் கீழும் வெளிர் கோடுகளும், அலகின் அடியில் ஒரு வெளிர் புள்ளியும் இருக்கும்.

இங்கேயே வாழும் வாத்துகளைப் பிரித்து வைப்பது மிக முக்கியம். இல்லையென்றால் புறப்பாட்டுக் கணக்கு முழுவதும் பிழையாகிவிடும். நுனி மஞ்சளான கறுத்த அலகுள்ள புள்ளிமூக்கு வாத்தும், பறக்கும்போது சீழ்க்கை ஒலி எழுப்பும் சீழ்க்கைச் சிறகியும், வெண்மையும் கரும்பச்சையுமாகத் தோன்றும் குள்ளத் தாராவும் இமயத்தைத் தாண்டிப் போகிறவை அல்ல. நீர் வற்றினால் அடுத்த குளத்துக்கு மாறிக்கொள்ளும். சித்திரையில் ஒரு குளத்தில் முந்நூறு வாத்து இருந்தது என்று யாரேனும் சொன்னால், அவற்றில் எத்தனை சீழ்க்கைச் சிறகி என்று கேட்பது அவசியம்.

புறப்பாட்டின் அறிகுறிகள்

முதலில் வயிற்றைப் பாருங்கள். வரித்தலை வாத்து பக்கவாட்டில் நிற்கும்போது, கால்களுக்கும் வாலுக்கும் இடைப்பட்ட அடிவயிற்றின் கோடு எப்படி இருக்கிறது என்று கவனிக்க வேண்டும். மெலிந்த பறவைக்கு அந்தக் கோடு உள்வாங்கியோ நேராகவோ இருக்கும். கொழுப்புச் சேரச் சேர அது புடைத்து, பின்னர் தொங்கத் தொடங்கும். பறவையைப் பிடிக்காமலேயே அதன் உடல்நிலையை மதிப்பிட ஆய்வாளர்கள் கையாளும் முறை இது. மாசித் தொடக்கத்திலிருந்து வாராவாரம் பத்துப் பறவைகளின் அடிவயிற்றைக் கோட்டோவியமாக வரைந்து வைத்தால், மாற்றத்தை நீங்களே காண்பீர்கள். அந்தக் கொழுப்பின் தேவையைத் தூரம் சொல்லும். கூந்தன்குளத்திலிருந்து மங்கோலிய ஏரிகளுக்கு 4,000 கிலோமீட்டருக்கும் மேல். இடையில் இமயம் இருக்கிறது. செயற்கைக்கோள் கருவி பொருத்திக் கண்காணிக்கப்பட்ட ஒரு வரித்தலை வாத்து 7,290 மீட்டர் உயரம் வரை பறந்தது பதிவாகியுள்ளது. வடக்கே போகையில் இமயத்தின் ஏற்றத்தை ஏழெட்டு மணி நேரத்தில் கடந்துவிடும் பறவைகளும் இருக்கின்றன. காற்றின் துணையை நம்பி இல்லாமல், காற்று குளிர்ந்து அடர்ந்திருக்கும் இரவிலும் விடியலிலும் சிறகடித்தே ஏறுகின்றன. உயிர்வளி குறைந்த காற்றிலும் அதைப் பற்றிக்கொள்ளும் திறன் இவற்றின் குருதிக்கு மிகுதியாக உண்டு. உங்கள் முன்னால் குளத்து உள்வாயில் குனிந்து புல் கொய்யும் பறவையை இந்த எண்ணத்தோடு பார்க்க வேண்டும். அது தலை நிமிராமல் எத்தனை நிமிடம் மேய்கிறது என்று கணக்கிடுங்கள். பங்குனி நெருங்க நெருங்க மேயும் நேரம் கூடும்.

இரண்டாவது, ஆண் வாத்துகளின் ஆட்டம். நீலச்சிறகி ஆண், பெண்ணின் அருகில் நீந்தியபடி தலையை முதுகைத் தொடும் அளவுக்குப் பின்னால் வீசி, சீப்பின் பற்களில் நகத்தை இழுத்தால் எழுவது போன்ற வறண்ட ஒலியை எழுப்பும். காற்று அமைதியாக உள்ள காலையில் இந்த ஒலி கரை வரை கேட்கும். ஊசிவால் வாத்துகளில் ஒரு பெண்ணைப் பல ஆண்கள் துரத்திக்கொண்டு பறப்பதைப் பார்க்கலாம். பெண் வளைந்து வளைந்து பறக்க, ஆண்கள் அதே வளைவுகளில் பின்தொடரும். இதைக் கண்டு யாரோ கூட்டத்தைக் கலைத்துவிட்டார்கள் என்று எண்ணிவிட வேண்டாம்.

மூன்றாவது, அமைதியின்மை. புறப்படும் நாள் நெருங்கிய கூட்டத்தில் மாலை ஐந்து மணிக்கு மேல் குரல் கூடும். வரித்தலை வாத்துகள் மேய்ச்சலை நிறுத்திக் கழுத்தை நீட்டி நிமிர்ந்து நிற்கும். பிறகு தலையை வெடுக்கென்று அசைக்கத் தொடங்கும். முதலில் ஒரு பறவை, அடுத்து அதன் இணை, பின்னர் பிள்ளைகள், பின்னர் அடுத்த குடும்பம் என்று அந்த அசைவு கூட்டத்தில் பரவும். எல்லாமே அசைக்கத் தொடங்கிய சில நொடிகளில் கூட்டம் எழும்பிவிடும். பக்கத்து வயலுக்குப் போவதற்கு முன்பும் இதே சைகை உண்டு என்பதால், எழும்பிய பின் என்ன செய்கின்றன என்பதே கேள்வி. வயலுக்குப் போகும் கூட்டம் தாழ்வாக, சிதறலாகப் பறந்து, சில நிமிடங்களில் இறங்கும். வலசை புறப்படும் கூட்டம் குளத்தின் மேல் வட்டமிட்டு உயர்ந்து, குரல் கொடுத்தபடி வரிசை கூட்டிக்கொண்டு, வடக்கு நோக்கித் திரும்பும், மேலும் உயர்ந்துகொண்டே போகும், திரும்பி வராது. இருட்டும் வரை காத்திருந்து, மறுநாள் விடியலில் அதே குளத்தைப் பார்த்தால்தான் உறுதியாகச் சொல்ல முடியும்.

எந்த மாலையில் இது நடக்கும் என்று முன்கூட்டிச் சொல்வது இயலாது. ஆனால் வாய்ப்பைக் கூட்டிக்கொள்ளலாம். மேகமில்லாத, மழைக்குறி இல்லாத, தென்றல் மெல்ல வீசத் தொடங்கிய மாலைகளைத் தேர்ந்துகொள்ளுங்கள். வடக்கே போகும் பறவைக்குத் தெற்கிலிருந்து வீசும் காற்று பயணத்தைக் குறைந்த செலவில் முடித்துத் தரும். எதிர்க்காற்றில் கூட்டங்கள் காத்திருக்கும். சூரியன் மறைவதற்கு அரை மணி முன்பிருந்து மறைந்து ஒரு மணி நேரம் வரை வானத்தை விட்டுக் கண் எடுக்காதீர்கள். சிறிய வாத்துகள் இருட்டிய பிறகே புறப்படுவதால், அவற்றை வடிவத்தால் அறிவதை விடச் சிறகொலியாலும் குரலாலும் அறிய வேண்டியிருக்கும்.

சேற்றுப் பூனைப்பருந்து குளத்தின் மேல் தாழ்ந்து வரும் நேரத்தையும் நழுவவிடாதீர்கள். மொத்தக் கூட்டமும் எழும்பும் அந்த ஒரு நிமிடத்தில் சிறகுகள் விரிகின்றன: நீலச்சிறகி ஆணின் முன்சிறகில் வெளிர் நீலம், நாமத்தலை ஆணின் முன்சிறகில் பளிச்சென்ற வெள்ளை, கிளுவையின் பின்சிறகில் பச்சை, வரித்தலை வாத்தின் வெளிர் சிறகில் கறுத்த நுனி. பருந்து எழுப்பும்போது பார்த்துக்கொள்ளலாம். நாமாக எழுப்பக் கூடாது.

எண்ணுவதும் எழுதுவதும்

பத்துப் பறவைகளை ஒவ்வொன்றாக எண்ணி, அந்தப் பத்து எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று மனத்தில் பதித்து, அதே அளவில் கூட்டத்தின் மீது நகர்ந்து செல்லுங்கள். பெரிய கூட்டத்துக்கு ஐம்பது அல்லது நூறு என்ற அளவு வசதி. இடமிருந்து வலம் ஒருமுறை, வலமிருந்து இடம் ஒருமுறை எண்ணி, இரண்டும் பெரிதும் வேறுபட்டால் மூன்றாம் முறை எண்ண வேண்டும். வரித்தலை வாத்துகளில் இளம்பறவைகளைத் தனியாக எண்ணுங்கள். கடந்த கோடையில் இனப்பெருக்கம் எப்படி நடந்தது என்பதற்கு அந்த விகிதமே சான்று.

கழுத்தில் வண்ண வளையமோ காலில் வளையமோ இருக்கிறதா என்று ஒவ்வொரு பறவையாகப் பாருங்கள். மங்கோலியாவில் கழுத்து வளையமிட்ட வரித்தலை வாத்துகள் தென்னிந்திய நீர்நிலைகளில் காணப்பட்டிருக்கின்றன. வளையத்தின் நிறம், அதிலுள்ள எழுத்து, எண், எந்தக் கால் என்பவற்றைக் குறித்து, முடிந்தால் தொலைநோக்கி வழியே கைபேசியில் ஒரு படம் எடுத்து, பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்குத் தெரிவியுங்கள்.

ஒவ்வொரு முறையும் தேதி, நேரம், காற்றின் திசை, நீர்மட்டம், இனவாரியான எண்ணிக்கை ஆகியவற்றை எழுதி, அன்றே இ-பேர்ட் (eBird) என்ற இணையப் பறவைப் பதிவுத் தளத்தில் முழுப் பட்டியலாகப் பதிவேற்றுங்கள். ஜனவரியில் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடப்பதால் அந்த மாதத்துக்கு நல்ல தரவு சேருகிறது. மார்ச் முடிந்த பிறகு குளங்களுக்குப் போகிறவர்கள் குறைவு. எந்த இனம் எந்த வாரத்தில் காலி செய்தது என்ற தகவல் அதனால் விடுபட்டுப்போகிறது. முதலில் வந்த நாளைக் குறிப்பது எளிது. கண்ணில் பட்டதும் எழுதிவிடலாம். கடைசியாக இருந்த நாளை அறிய வேண்டுமானால், பறவை இல்லாத நாளிலும் போய், இல்லை என்று எழுத வேண்டும். வரித்தலை வாத்துகள் போய்விட்டன என்று தெரிந்த பிறகும் குறைந்தது மூன்று வாரங்கள் தொடர்ந்து செல்லுங்கள். இன்னும் தெற்கே தங்கியிருந்த கூட்டம் வழியில் ஓரிரு நாள் உங்கள் குளத்தில் இறங்கலாம். நீலச்சிறகிகள் ஏப்ரல் வரை எஞ்சியிருக்கும். அதற்குப் பிறகும் ஒன்றிரண்டு நின்றுவிட்டால், சிறகில் காயம் இருக்கிறதா, பறக்க முடிகிறதா என்று கவனித்து அதையும் குறிப்பில் சேர்த்து எழுதுங்கள். காயம்பட்டிருந்தால் வனத்துறைக்குச் சொல்லுங்கள், நீங்களாகப் பிடிக்க முயல வேண்டாம்.